நசரேயில் உப்பு பார்த்த அப்பா

லிஸ்பனுக்கு யாராவது விருந்தாளி வந்தால் எங்கே கூட்டிப்போவது என்பது இந்த இரண்டு வருடத்தில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பெலேம் கோபுரம், மஞ்சள் ட்ராம், சிந்த்ரா அரண்மனை, சுடச்சுட ஒரு முட்டைக் கஸ்டர்ட் டார்ட். அப்பா வந்தபோதும் அதே பாட்டைத்தான் பாடினேன். மூன்று நாளில் பட்டியல் தீர்ந்தது. எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அரண்மனையைப் பார்த்து, "பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான். நாலாம் நாள் காலை பால்கனியில் காப்பியோடு நின்றவர் கேட்டார்: "ஏளா, இந்த ஊர்ல மீன் எங்க எறக்குறான்?"

அப்போதுதான் உறைத்தது. தூத்துக்குடியில் நாற்பது வருடம் கருவாட்டு மண்டி நடத்திய மனுஷனை அரண்மனை அரண்மனையாக இழுத்தடித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையே ஒரு வாடகைக் கார் எடுத்தேன். செப்டம்பர் மூன்றாம் வாரம், வெயில் இதமாக இருந்தது. லிஸ்பனிலிருந்து வடக்கே ஓபிதுஷ், அங்கிருந்து கடலோரமாகப் பெனீஷ், பிறகு நசரே, இருட்டியதும் வீடு. போக வர எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும்.

கார் எடுக்கும் கவுண்டரில் எனக்கு வழக்கமாக நடக்கும் கூத்து அன்றும் நடந்தது. எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பர்னாந்து மேல்தான் விழும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்கியபோது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று. ஆனால் போர்ச்சுகலில் பெர்னாந்து என்பது ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். குடும்பப் பெயராக வந்தால் அது பெர்னாந்தெஷ். அதனால் என் பாஸ்போர்ட்டைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு விநாடி தயங்கி, என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்தப் பையனும் தேடினான். கடைசியில் "ஷாவ்" என்று சொல்லி வண்டிச் சாவியை நீட்டினான். அப்பா என் முழங்கையை இடித்தார். "சாவின்னுதானே சொன்னான்?"

ஆமாம்ப்பா, போர்ச்சுக்கீசியன் கொடுத்த சொல்தான்.

நெடுஞ்சாலை லிஸ்பனைத் தாண்டியதும் மேடும் பள்ளமுமான நாடு. முட்டைக்கோஸ் வயல், பேரிக்காய்த் தோப்பு, திராட்சைத் தோட்டம். திராட்சை பறிக்கும் காலம் என்பதால் பழம் ஏற்றிய டிராக்டர்கள் கிளைச்சாலைகளில் ஊர்ந்துகொண்டிருந்தன. குன்றுகளின் உச்சியில் ஆங்காங்கே வெள்ளையடித்த உருண்டைக் கட்டடங்கள் தெரியும். பழைய காற்றாலைகள். பாதிக்கு மேல் இறக்கை போய் மொட்டையாக நிற்கின்றன. ஓட்டத்தில் இருந்த காலத்தில் அவற்றுக்குத் துணியால்தான் இறக்கை, பாய்மரம் போல. அந்தக் கயிறுகளில் சின்னச் சின்ன மண் கலயங்களைக் கட்டியிருப்பார்களாம். இறக்கை சுற்றும்போது கலயங்கள் ஊளையிடும். அந்தச் சத்தத்தை வைத்தே, படுத்த இடத்திலிருந்து, காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று மாவு அரைப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இதை நான் சொல்லி முடிக்கும்போது அப்பா லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஓபிதுஷ் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், கூகுளில் தேடினால் ஆயிரம் படம் கிடைக்கும். மதில் சூழ்ந்த சின்ன ஊர். வெள்ளைச் சுவர்களில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை, வாசலுக்கு வாசல் காகிதப்பூ. 1282இல் தினிஷ் ராஜா இசபெல் ராணியைக் கட்டியபோது இந்த ஊரையே சீதனமாகக் கொடுத்தார் என்பார்கள். அப்புறம் வந்த ராணிகளிடமும் அது தொடர்ந்து இருந்தது. பழைய தேவாலயம் ஒன்றைப் புத்தகக் கடையாக்கி வைத்திருக்கிறார்கள், அது மட்டும் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஒன்பது மணிக்கு முன்னால் போனால் ஊர் உங்களுடையது. பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகளுடையது. கைப்பிடியே இல்லாத மதில்மேல் அப்பாவை நடக்க விடவில்லை. பதிலுக்கு, சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றித் தரும் ஜின்ஜா என்கிற புளிப்புச் செர்ரி மதுவை வாங்கிக் கொடுத்தேன். காலை ஒன்பதரை மணிக்கு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிண்ணத்தையும் கடித்துத் தின்றுவிட்டு, "இருமலுக்கு நல்லாருக்கும்" என்றார்.

அங்கிருந்து பெனீஷ் அரை மணி நேரம். ஊர் நெருங்கும்போது இரண்டு பக்கமும் கடல் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் பெனீஷ் தீவாகத்தான் இருந்தது. அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கரையோடு ஒட்டவைத்துவிட்டது. நுனியில் கர்வுவைரு முனை என்று கலங்கரை விளக்கம் இருக்கிற இடம். அங்கே பாறைகள் படிவு படிவாக, தேய்த்து அடுக்கின தோசை மாதிரி நிற்கும். எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். அப்பா பாறையைப் பார்க்கவில்லை. கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வாளிக்குள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்துக்குள் வந்ததும் அவர் நடையே மாறிப்போனது. அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் எனக்கு முன்னால் போக ஆரம்பித்தார். மேடையில் கறுப்பு வலை மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. இரண்டு பேர் அதன்மேலேயே உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குனிந்து வலையின் கண்ணை விரலில் அளந்தார். அடிப்பக்கம் வளையம் வளையமாகக் கோத்திருந்ததைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏளா, இது சுருக்குமடில்லா!"

சுருக்குமடிதான். நம் கடலில் இந்த வலையை வைத்து எத்தனை சண்டை, எத்தனை வழக்கு! 2000இல் தமிழ்நாடு தடை போட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், பகலில் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. இங்கே சாளை பிடிப்பதே இதில்தான். கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றைச் சுருக்கி அள்ளிவிடுவது. ஆனால் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாளைக்குப் போகவே கூடாது. தைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டு நான் இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா உடனே எதிர்க்கேள்வி போட்டார்: "அளவை யாரு எண்ணுறா?"

அதற்குப் பதில் லோட்டா. நம் சொம்பு இல்லை, மீன் ஏலக்கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். கரைக்கு வரும் மீன் முதலில் அதற்குள் போய்த்தான் விலையாக வேண்டும், அதனால் கணக்கும் அங்கேயே ஏறிவிடும். ஏலத்துக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் லெய்லாவ்ங் என்பார்கள். நம் 'ஏலம்' அதிலிருந்து வந்ததுதான் என்று தமிழ் லெக்சிகன் சொல்கிறது. இதைக் கேட்டதும் அப்பாவுக்கு ஒரே பெருமை, ஏதோ தம்பி வீட்டுக்கு வந்த மாதிரி. ஆனால் முறை வேறு. நம் ஊரில் ஏலக்காரர் கீழே இருந்து கூவிக்கொண்டே ஏற்றுவார். இங்கே மேலே இருந்து விலையை இறக்கிக்கொண்டே வருவார்கள், முதலில் நிறுத்துகிறவனுக்கு மீன். இப்போது திரையில் எண் இறங்குகிறது, வியாபாரிகள் கையில் ரிமோட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்பா வெகுநேரம் இதை யோசித்தார். பிறகு சொன்னார்: "நம்ம முறையில அடுத்தவன் எங்க நிப்பான்னு பாத்துட்டே ஏறலாம். இதுல அவன் மனசுல என்ன இருக்குன்னே தெரியாது. கொஞ்சம் பொறுத்தா மீன் போயிரும், அவசரப்பட்டா காசு போயிரும். சொல்லைக் குடுத்துட்டு சூட்சுமத்தைக் குடுக்காம போயிட்டானுவ."

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கோட்டை. சர்வாதிகாரி சலாசர் நிறுவிய ஆட்சியின் அரசியல் கைதிகளை 1934 தொடங்கி நாற்பது வருடம் இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். பார்க்க வரும் மனைவி மக்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போன அறை அப்படியே இருக்கிறது. 1960 ஜனவரி 3ஆம் தேதி இரவு கம்யூனிஸ்ட் தலைவர் அல்வரு குன்யாலும் இன்னும் ஒன்பது பேரும் இங்கிருந்து தப்பித்தார்கள். ஒரு காவலருக்கு மயக்க மருந்து, இன்னொரு காவலர் இவர்கள் பக்கம், போர்வை விரிப்புகளைக் கயிறாக்கி மதிலிலிருந்து இறக்கம். அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் புரட்சிக்கு இரண்டு நாள் கழித்துக் கதவு திறந்தது. சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 27இல், அதே இடத்தை எதிர்ப்புக்கும் சுதந்திரத்துக்குமான தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அப்பா மதிலிலிருந்து கீழே எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "அன்னிக்கு ஏத்தமா, வத்தமா?" கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்று எனக்கும் தெரியவில்லை. கைதிகளின் பெயர்களைப் பொறித்த சுவர் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

பசி. கரித்தணல் வாசம் எங்கே வந்ததோ அங்கே உட்கார்ந்தோம். கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சின்ன வெண்ணெய் டப்பி எல்லாம் மேசைக்கு வரும். தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டு வருடமாக இங்கே குப்பை கொட்டும் எனக்கு இது தெரியும். அப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் சுத்தமாகக் காலி செய்துவிட்டிருந்தார்.

சுட்ட சாளை ஆறு வந்தது. தலை, செதில், குடல் எல்லாவற்றோடும். கல் உப்பை மட்டும் தூவித் தணலில் வாட்டியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "குடல் எடுக்காமலா? என் அம்மா பாத்திருந்தா அடுப்போட தூக்கி வெளிய போட்டிருப்பா." பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதைக் காட்டினேன். ஒரு துண்டு ரொட்டியின் மேல் மீனை வைத்து, தோலை விலக்கி, மேல் பக்கச் சதையை எடுத்து, முள்ளைத் தூக்கிவிட்டு, அடிப்பக்கம். குடல் தனியாக நின்றுவிடும். ஒவ்வொரு மீனுக்கும் நெய் இறங்கி இறங்கி ரொட்டி ஊறும், கடைசியில் அதைத்தான் சாப்பிட வேண்டும். நாலாவது மீனில் அப்பா பேச்சை நிறுத்தினார். ரொட்டியை முடித்த பிறகு, "கொஞ்சம் மொளகாத்தூள் இருந்திருந்தா..." என்று இழுத்தார். அவர் வாயில் அது பாராட்டு.

பெனீஷில் பெண்கள் தலையணை மேல் ஊசி குத்தி, மரக்கட்டைகளை உருட்டி உருட்டிப் பின்னும் லேஸ் பிரசித்தம். ஆண்கள் வலையோடு கடலுக்குப் போனார்கள், பெண்கள் நூலோடு திண்ணையில் உட்கார்ந்தார்கள். பார்க்க நேரம் இருக்கவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நசரே என்று பலகை வந்ததும் எனக்கு எப்போதும் ஒருவர் ஞாபகம் வரும். 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் வேதபாடப் புத்தகம் அச்சானது, தமிழ் எழுத்தில் அல்ல, ரோமன் எழுத்தில். அதைத் தயாரித்த மூன்று தூத்துக்குடிப் பரதவர்களில் ஒருவர் பெயர் விசென்ட் த நசரேத். பெயரில் இருப்பது பைபிள் நாசரேத்தாகத்தான் இருக்கும். இருந்தாலும் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நமக்கு முன்னாடியே நம்மாளு வந்துட்டுப் போயிட்டான்" என்று காரை விட்டு இறங்கினார்.

நசரே இரண்டு ஊர். கடற்கரையில் ஒன்று, நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் தலையில் சீத்தியு என்று இன்னொன்று. இரண்டையும் இணைக்க 1889இலிருந்து ஒரு இழுவை ரயில் ஓடுகிறது. மேலே ஒரு குட்டிச் சிற்றாலயம். 1182இல் பனிமூட்டத்தில் மானைத் துரத்திக்கொண்டு வந்த ஒரு பிரபுவின் குதிரை பாறை விளிம்பில் போய் நிற்க, மாதா காப்பாற்றினாள் என்பது கதை. குதிரைக் குளம்படியென்று பாறையில் ஒரு தடத்தையும் காட்டுகிறார்கள். பெரிய கோயிலின் மாதா உருவம் கறுத்த சின்ன மரச் சிலை. திருவிழா செப்டம்பர் 8. வேளாங்கண்ணிக்கும் அதே நாள் என்பதால் அப்பா உரிமையோடு உள்ளே போய், நெடுநேரம் கழித்து வந்தார்.

பாறையின் கடைசியில் சிவப்பு விளக்குக் கூண்டோடு ஒரு கோட்டை. உலகப் படங்களிலெல்லாம் வருகிற ராட்சத அலை எழும்புவது இதற்குக் கீழே, வடக்குக் கடற்கரையில். கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட கரையை ஒட்டித் தொடங்கி, ஐயாயிரம் மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கிப் போகிறது. தூரத்துப் புயல் அனுப்பும் அலை ஆழத்தில் வேகம் குறையாமல் ஓடிவரும். பக்கத்து மேட்டு நிலத்தில் வரும் பாதியோ தரை தட்டித் தாமதிக்கும். இரண்டும் கரைக்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது வீடுயரம், மாடியுயரம். 2011இல் கேரட் மெக்னமாரா 23.8 மீட்டர் அலையில் சறுக்கியதும்தான் ஊர் உலக வரைபடத்தில் ஏறியது. 2020இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் ஏறியது 26.21 மீட்டர். கோட்டைக்குள் அவர்களுடைய பலகைகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அதெல்லாம் அக்டோபருக்கு மேல். நாங்கள் போன அன்று கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது. சுற்றிலும் கேமராவோடு ஏமாந்த முகங்கள். அப்பாவுக்கு மட்டும் நிம்மதி. 1980களில் துறைமுகம் கட்டும்வரை இங்கே படகுகள் நேராக மணலில் இருந்துதான் போயின, வந்தன. திரும்பும்போது அலை புரட்டிவிட்டால், கரையில் காத்திருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளின் கண் முன்னாலேயே போய்விடுவார்கள். இதைச் சொன்னபோது பலகைகளைப் பார்த்தபடி, "அந்த அலைக்குப் பயந்துதானே ஹார்பர் கட்டினான்? இப்போ அதுக்கு டிக்கெட் போட்டு வைச்சிருக்கான்" என்றார். கோபமெல்லாம் இல்லை. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் பார்க்கிற பார்வை.

கீழே இறங்கியபோது மணி ஐந்து இருக்கும். கடற்கரையின் தெற்கு ஓரத்தில் பழைய மரப் படகுகள் சிலவற்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கிய படகுகள். அலையைக் கிழிக்க அப்படி. கரைவலை இழுத்த காலத்துப் படகும் அதில் ஒன்று. மாடு கட்டி இழுத்தார்கள் என்றேன். "நாங்க ஆளு கட்டி இழுத்தோம்" என்றார் அப்பா.

அதற்கு அந்தப் பக்கம்தான் அவர் போர்ச்சுகல் வந்ததே.

மணலில் கால் நட்டு, இடுப்புயரத்தில் சாய்வாக வரிசை வரிசையாக மரச் சட்டங்கள். சட்டத்துக்கு வலை இழுத்துக் கட்டியிருக்கிறது. வலைமேல் வயிறு பிளந்து புத்தகம் மாதிரி விரித்த மீன்கள். பெரும்பாலும் கரப்பாவ், நம் பாறை மீன் வகையறா, பக்கவாட்டில் முரட்டுச் செதில் வரியோடு. ஒரு ஓரத்தில் சாளை. இன்னொரு பக்கம் பேய்க்கணவாய் எட்டுக் காலும் விரித்துத் தொங்குகிறது. பக்கத்தில் குடைக்குக் கீழே ஒரு பாட்டி. கட்டம்போட்ட பாவாடை மேல் பாவாடை, முன்னால் பூவேலை ஏப்ரன், தலையில் துணி. நசரேப் பெண்கள் ஏழு பாவாடை கட்டுவார்கள் என்பது ஊர்ப் பெருமை. ஏழு அலை, ஏழு நாள், ஏழு வானவில் நிறம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விடிகாலைக் காற்றில் படகுக்காகக் காத்துக்கிடப்பவளுக்கு ஒன்றை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ள, ஒன்றைக் காலில் சுற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

அப்பா யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மீனை எடுத்தார், வாலைப் பிடித்து வளைத்தார், வயிற்றுப் பக்கம் மோந்தார். கட்டைவிரலை நடுமுள் ஓரமாக அழுத்தி இழுத்தார். பாட்டி கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்தாள்.

"முள்ளுப் பக்கம் ஈரம் நிக்குதே, இது காயலைன்னு சொல்லு."

சொன்னேன். பாட்டி சிரித்துவிட்டாள். அது வேண்டுமென்றே காயாமல் எடுப்பது, ஒரு நாள் வெயில் மட்டும், வேகவைத்தோ சுட்டோ தின்ன. அதன் பெயர் 'எஞ்சுவாது'. குமட்டல் கண்டது என்று அர்த்தம், கப்பலில் போகிறவனுக்கு வருமே, அது! முழுக்கக் காய்ந்தது அடுத்த வரிசையில், நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். அப்பா அடுத்த வரிசைக்குப் போனார். உப்பைத் தடவுவீர்களா, தண்ணீரில் கரைத்து ஊறப்போடுவீர்களா? கரைத்துத்தான். எவ்வளவு நேரம்? மீனின் பருமனைப் பொறுத்து. பாட்டி தன் கையைக் காட்டி, விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குச் சொன்னாள், அப்பா தன் விரலை மடக்கி ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. காலைப் பனிதான் எதிரி, கடற்காகம் அதைவிட எதிரி என்று அவள் கம்பை ஓங்கிக் காட்ட, இவர் காக்கா, நாய் என்று கையால் நடித்தார். ஒரு சின்ன மீனைக் கிழித்து அவர் வாயில் போட்டாள் பாட்டி. மென்று, கண்ணை மூடி, நாக்கைத் தட்டினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் என்னிடம். "இதை மட்டும் சொல்லாத."

ஒரு டஜன் வாங்கினோம். பாட்டி இன்னும் இரண்டை எடுத்து மேலே வைத்துக் காகிதத்தில் சுற்றினாள். அப்பா குனிந்து அந்தச் சட்டத்தின் அடியைப் பார்த்தார். காற்று கீழிருந்து ஏறுகிறதா என்று கை வைத்தார். ஒரு மீனின் முதுகை உள்ளங்கையால் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தார். போட்டோ எடு என்றார். அவரை இல்லை, சட்டத்தை. மூலையில் கட்டிய முடிச்சு தெரிகிற மாதிரி.

திரும்பும் வழியில் கார் முழுக்க அந்த வாசம். டோல் கேட்டில் கவனக்குறைவில் பச்சைப் பாதையில் நுழைந்துவிட்டேன், அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. இந்த வாடகைக் காரில் அது இல்லை. என்ன அபராதம் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தூங்குகிறார் என்று நினைத்த அப்பா கேட்டார்: "அந்தம்மா ஒரு மீனு என்ன வெல சொன்னா?"

சொன்னேன். ரூபாயில் பெருக்கினார். விரல் கணுக்களில் எண்ணுவது இருட்டிலும் தெரிந்தது.

"கட்டுபடியாகாது. இந்த வெலைக்கு நம்ம ஊர்ல சீலாவே வாங்கிருவான்."

சரிப்பா என்றேன். லிஸ்பன் விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. மடியில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு மீனை எடுத்து மறுபடி தடவிக்கொண்டிருந்தார். மண்டியில் உட்கார்ந்திருந்த நாற்பது வருடமும் வாங்கியவர்களிடம் அவர் கேட்ட புகார் ஒன்றுதான், பல்லில் கடிபடுகிறது என்று.

"ஏளா, ஒரு பொட்டு மணல் இல்ல பாத்தியா" என்றார்.